லாக் ஹைன்: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்தின் ஸ்கிபரீன் என்ற சிற்றூரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது லாக் ஹைன். பார்த்த மாத்திரத்தில் ஏரி என்றுதான் சொல்வீர்கள். சுற்றிலும் மேடு, ஒரு பக்கம் காடு அடர்ந்த குன்று, நடுவில் குட்டித் தீவு, அசையாத தண்ணீர். 'லாக்' என்ற சொல்லுக்கும் அங்கே ஏரி என்றே பொருள். ஆனால் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். கரைக் கல்லில் வழுவழுவென்று ஒட்டியிருப்பது கடற்பாசி. கல்லுக்கு அடியில் நண்டு. ஏரி வேடம் போட்ட கடல் இது.

மொத்தப் பரப்பு அரை சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 1,800-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் பதிவாகியிருக்கின்றன. 1981-இல் அயர்லாந்து இதைக் கடல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. அந்த நாட்டின் முதல் கடல் காப்பகம் இதுதான்; ஐரோப்பாவுக்கே முதல் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு வருகிறவர்களில் நிறையப் பேர் காரை நிறுத்தி, நாலு போட்டோ எடுத்து, "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போய் எங்கே குனிய வேண்டும் என்று தெரியாவிட்டால் இங்கே கண்ணில் படுவது தண்ணீரும் மலையும் மட்டும்தான். அந்த நேரத்தையும் பக்கத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: வாசலைப் புரிந்துகொள்வது

லாக் ஹைனுக்கு ஒரே ஒரு வாசல். தென்கிழக்கு மூலையில் ஒரு குறுகிய பாறைக் கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் பார்லோக் என்ற சின்னக் கடற்கழி, அதையும் தாண்டினால் அட்லாண்டிக். கால்வாய் குறுகும் இடத்தில் அகலம் ஒரு கல்லெறி தூரம்கூடத் தேறாது. அடியில் பாறை மேடு. உள்ளே வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் அந்த மேட்டின்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். அந்த இடத்தை 'ரேபிட்ஸ்' என்பார்கள். நாம் பாய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பாறை மேடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை லாக் ஹைன் நன்னீர் ஏரி. கடல் மட்டம் உயர்ந்து உயர்ந்து ஒரு நாள் அந்த மேட்டைத் தாண்டியது, உப்பு நீர் உள்ளே வந்தது. அன்றிலிருந்து கடல் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கிறது.

எப்படி வந்து போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாகக் கடல் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறும், அதே அளவு நேரம் வற்றும். இங்கே அப்படி இல்லை. உள்ளே நீர் ஏறுவது சுமார் 4 மணி நேரம், வடிவது சுமார் எட்டரை மணி நேரம். விளிம்பில் ஒரே ஒரு வெட்டு விட்ட தொட்டியைக் கடலில் வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடல் மளமளவென்று 3 மீட்டர் இறங்கிவிடும். தொட்டித் தண்ணீரோ அந்த வெட்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிய முடியும். அது 1 மீட்டர் இறங்கி முடிப்பதற்குள் வெளிக்கடல் தன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி ஏறவும் தொடங்கியிருக்கும். கடல் ஏறி ஏறித் தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்கு வந்து சேரும்வரை தொட்டி வடிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டம் திரும்பும்.

இதனால் வரும் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கோவ், பால்டிமோர் போன்ற துறைமுகங்களுக்கு வரும் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, அப்படியே நம்பி இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்தேன். அட்டவணையில் காலை 11 மணிக்கு வற்றம் என்று பார்த்துவிட்டுச் சரியாகப் பதினொன்றுக்குக் கரையில் நின்றேன். தண்ணீர் பாசிக்கு மேலேயே நின்றது. அட்டவணை பழசோ என்று இரண்டு தடவை தேதியைச் சரிபார்த்தேன். தூறலில் ஒரு கல்லில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்று முடித்து, இனி இருப்பதில் பயனில்லை என்று எழுந்தபோதுதான் கவனித்தேன்: நான் உட்கார்ந்திருந்த கல்லுக்குக் கீழே இன்னொரு வரிசைக் கல் வெளியே வந்திருந்தது. மணி ஒன்றரை.

அதனால் கணக்கு இப்படிப் போடுங்கள். வெளிக்கடலின் வற்றம் காலை 10 மணி என்று வைத்துக்கொள்வோம். லாக் ஹைனுக்குள் நீர் மிகக் குறைவாக நிற்பது அதற்கு மூன்று, மூன்றரை மணி நேரம் கழித்து, அதாவது ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில். அதன்பின் நாலு மணி நேரம் உள்ளே ஏறும், ஐந்தரை வாக்கில் நிற்கும், மறுபடி வடியத் தொடங்கும். இது உத்தேசம்தான். நிலவின் நாளும் காற்றும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும். ஆனால் நாளைத் திட்டமிட இது போதும்.

நாளையும் மாதத்தையும் தேர்ந்தெடுப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் பாய்ச்சல் ஆவேசமாக இருக்கும். வேடிக்கை பார்க்க அந்த நாட்கள். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் நிதானமாகச் சுற்ற வேண்டும் என்றால் அஷ்டமி பக்கம் போங்கள், ஓட்டம் தணிந்திருக்கும். அமாவாசைக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை ராத்திரிப் பகுதியில் சொல்கிறேன்.

மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்திலும் இடம் அழகுதான், ஆனால் பகல் சீக்கிரம் முடிந்துவிடும், ஓதம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். வெயில் நாளுக்காகக் காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். மழைச் சட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

போய்ச் சேர்வது

கார்க் நகரிலிருந்து ஸ்கிபரீனுக்கு என்71 சாலையில் காரில் ஒன்றரை மணி நேரம். பேருந்து உண்டு. ரயில் கிடையாது, ஒரு காலத்தில் இருந்த பாதையை 1961-இல் மூடிவிட்டார்கள். ஸ்கிபரீனிலிருந்து லாக் ஹைனுக்குச் சாலை ஒடுக்கமாக வளைந்து வளைந்து போகும். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும், பெரும்பாலும் அது நீங்கள்தான். நிறுத்த இடம் குறைவு. கோடைச் சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள். நுழைவுச் சீட்டு, கட்டணம் எதுவும் இல்லை. கேட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. காப்பகம் என்ற பெயரைக் கேட்டு வேலியை எதிர்பார்த்து வருகிறவர்கள் 'இதுவா?' என்று குழம்புவது வழக்கம்.

அருகில் சாப்பாட்டுக் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், பிளாஸ்க்கில் சூடாக ஏதாவது, எல்லாவற்றையும் ஸ்கிபரீனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பையும்.

முதலில் குன்றின்மேல் ஏறுங்கள்

எல்லோரும் நேரே தண்ணீரிடம்தான் ஓடுவார்கள். நான் சொல்வது, முதலில் மேலே போங்கள். மேற்குக் கரையை ஒட்டி நாக்கோமா என்ற 197 மீட்டர் குன்று இருக்கிறது. காட்டு வழியாக நடைபாதை வளைந்து ஏறும். உயரம் பெரிதில்லை என்றாலும் பாதை செங்குத்து. மழைக்குப் பின் வேர்கள் வழுக்கும். நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உச்சி. புல்லில் இறங்கி உட்கார்வதாக இருந்தால் முழுக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உண்ணி உண்டு.

உச்சியிலிருந்து பார்த்தால் நான் மேலே வளவளவென்று சொன்ன தொட்டிக் கணக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். கீழே தட்டுப் போல லாக் ஹைன். அதன் ஓரத்தில் ஊசித் துளை மாதிரி வாசல். அதற்கு அப்பால் அலையடிக்கும் பெருங்கடல். உள்ளே அலையே இல்லை. புயல் நாளிலும் உள்ளே சின்னச் சின்ன அலைகள்தான் எழும். வெளிக்கடலின் பாறையில் தாக்குப்பிடிக்க முடியாத மெல்லிய உயிர்கள் இங்கே ஆழமற்ற நீரில் பயமின்றி வாழ முடிவது அதனால்தான்.

நடுவிலுள்ள தீவில் இடிந்து கிடப்பது ஓட்ரிஸ்கல் குலத்தாரின் கோட்டை. அந்தத் தீவுக்கு ஒரு கதையும் உண்டு. லவ்ரா லின்ஷக் என்ற ராஜாவுக்குக் கழுதைக் காது. முடி வெட்டுகிற நாவிதனை ஒவ்வொரு தடவையும் கொன்றுவிடுவானாம். கடைசியில் ஓர் இசைக்கருவி ரகசியத்தைப் பாடி ஊரையே கூட்டிவிட்டது. சின்ன வயதில் 'ராஜா காது கழுதைக் காது' என்று காதோடு காதாகச் சொல்லி விளையாடியவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். எனக்கு வந்தது.

பாய்ச்சலின் ஓரத்தில் ஒரு மணி நேரம்

குன்றிலிருந்து இறங்கி வாசல் பக்கம் வாருங்கள். ஓட்டம் திரும்புகிற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே கரையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். நாள் முழுக்க இங்கே ஒரே ஒரு காட்சிதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

வடியும் நேரத்தில் தண்ணீர் பாறைமேட்டில் ஏறிப் பளபளவென்று கண்ணாடித் தகடு போல வளைந்து, அந்தப் பக்கம் நுரைத்து விழும். சத்தம் பேச்சை மூழ்கடிக்கும். ஓட்டம் உச்சத்தில் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல். ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து நீந்தினாலும் நின்ற இடத்தில் நிற்பார். நீருக்கடியில் பழுப்பு நிறக் கெல்ப் பாசிகள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த நாடாக்கள், எல்லாம் ஒரே திசையில் படுத்து வாரிவிட்ட தலைமுடி மாதிரி கிடக்கும்.

அப்புறம் சத்தம் குறையத் தொடங்கும். முதலில் நுரை போகும். கண்ணாடி வளைவு தட்டையாகும். படுத்திருந்த பாசி நாடாக்கள் ஒவ்வொன்றாக நிமிரும், நுனி மேலே வந்து தள்ளாடும், எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாதது போல நிற்கும். சில நிமிடங்கள் அப்படியே. திடீரென்று ஒரு நாடா உள்பக்கமாகச் சாயும், பக்கத்தில் இன்னொன்று. பத்து நிமிடத்தில் மொத்தக் காடும் மறுபக்கம் திரும்பிப் படுத்திருக்கும். மிதந்து வந்த இலை ஒன்று உங்களைத் தாண்டிக் கடலுக்குப் போனது, இப்போது அதே இலை திரும்பி உள்ளே வரும்.

அந்தத் தண்ணீரோடு உள்ளே வருவது கடலின் மிதவை உயிர்கள். அதுதான் உள்ளே ஒட்டி வாழ்பவற்றுக்குச் சாப்பாடு. பாய்ச்சலின் பாறைகளில் கடற்பஞ்சுகளும் பூப் போலத் தெரியும் விலங்குகளான கடல் சாமந்திகளும் மட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது ஓட்டத்தின் வாயில் இருந்தால் பரிமாறுவது முதலில் கிடைக்கும் என்பதால்தான். வாசலிலிருந்து விலக விலக ஓட்டம் தணியும், குடியிருப்பவர்களும் மாறுவார்கள். மேற்கு ஓரத்தில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஓட்டமே எட்டாது. கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீருமாக இரண்டு அடுக்காகப் பிரிந்து, எல்லைக்கோடு 25 மீட்டர் அளவில் நிற்கும். கீழடுக்கில் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டே போய், கோடை முடிவதற்குள் அடித்தளத்தில் மூச்சுவிட எதுவும் மிஞ்சாது. இலையுதிர் காலத்துக் காற்றும் குளிரும் வந்து கலக்கிவிட்ட பிறகே அங்கே மறுபடி உயிர் நடமாட்டம். அரை சதுர கிலோமீட்டருக்குள் கொந்தளிக்கும் ஆறும் மூச்சடைக்கும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். 1,800 வகை உயிரினம் என்ற எண் இப்போது அவ்வளவு ஆச்சரியமாகத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. பாய்ச்சலைக் கரையிலிருந்து பாருங்கள். ஓட்டம் நிற்கிற அந்தச் சில நிமிடங்களில் 'இப்போது இறங்கலாமே' என்று தோன்றும். இறங்காதீர்கள். திரும்பும் ஓட்டம் சொல்லிவிட்டு வராது.

கரையில் கல்லைப் புரட்டுவது

லாக் ஹைனின் நீர் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், வாசலிலிருந்து விலகிய வடக்குக் கரைப் பக்கம் போங்கள். உள்ளே ஓத வித்தியாசம் ஒரு மீட்டர் அளவே என்பதால் வெளியே தெரியும் பட்டை குறுகல். பரந்த மணல்வெளியை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று எட்டு அகலத்தில் கல்லும் பாசியும். அது போதும்.

வழுக்காத ரப்பர் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். கொப்புளப் பாசியின்மேல் கால் வைத்தால் விழுவது உறுதி; கல்லில் வையுங்கள். உள்ளங்கை அகலத்திலிருந்து தலையணை அளவுக்குள் உள்ள ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கல்லை உங்கள் பக்கமாக மெதுவாகத் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாருங்கள்.

முதல் ஐந்து விநாடி ஓடுகிறவை ஓடிவிடும். கரை நண்டு பக்கவாட்டில், குட்டி உளுவை மீன் ஒன்று சேற்றைக் கிளப்பிக்கொண்டு. அதன்பின் கண் பழகும். கல்லின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுக் கறை மாதிரி ஒட்டியிருப்பது கறையில்லை, கடற்பஞ்சு. கண்ணாடித் துளி மாதிரி இருப்பது கடற்பீச்சி. லேசாக நீர் பட்டால் சுருங்கும். ஐந்து மூலையுள்ள பிஸ்கட் போல, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் பச்சையில் அப்பியிருப்பது மெத்தை நட்சத்திர மீன். அதைப் பிய்க்க வேண்டாம். நகருமா என்று பார்க்கத்தான் வேண்டும், அதற்கு நிமிடக்கணக்கில் பொறுமை வேண்டும். நான் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு நிமிடத்தில் அது தன் உடல் அகலம்கூட நகரவில்லை. ஆனால் ஓரத்தில் நூறு குழாய்க் கால்கள் தனித்தனியாக எதையோ தேடுவது தெரிந்தது.

பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த மாதிரியே, அதே பக்கம் கீழே இருக்கும்படி, மெதுவாக வையுங்கள். இதில்தான் புதியவர்கள் தவறுவது. கல்லின் கீழ்ப்பக்கம் வெயில் படாமல் வாழ்கிறவர்களின் வீடு. புரட்டிப் போட்டுவிட்டுப் போனால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் காய்ந்து செத்துவிடும். ஐந்து கல் பார்த்தால் போதும். ஐம்பது பார்ப்பதில் கூடுதலாக ஒன்றும் தெரியாது.

பார்க்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் லூயிஸ் ரெனூஃப் 1920-களில் இங்கே ஆய்வைத் தொடங்கினார். பின்னால் ஜாக் கிச்சிங், ஜான் எப்லிங் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து பல பத்தாண்டுகள் கோடைதோறும் மாணவர்களோடு வந்தார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனை அபாரமான எளிமை. ஆழமற்ற நீரில் முள் பந்து போன்ற ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பகுதியிலிருந்து அவற்றை அள்ளி வேறிடத்தில் போட்டார்கள். காலியான இடத்தில் பச்சைப் பாசி தழைத்தது. போட்ட இடத்தில் பாசி காணாமல் போனது. பாசியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது வெளிச்சமும் உப்பும் மட்டுமல்ல, யார் மேய்கிறார்கள் என்பதும்தான் என்று காட்ட இரண்டு கையும் ஒரு படகும் போதுமானதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து யூகிக்காமல் கடலிலேயே சோதித்துப் பார்க்கும் முறைக்கு அது முன்னோடி.

அந்த முள்ளெலிகள் இன்று கரையோரத்தில் ஏறக்குறைய இல்லை. 2010-க்கும் 2015-க்கும் இடையில் நீருக்கடிப் பாறைச் சுவர்களில் இருந்த கடற்பஞ்சுகளும் பெருமளவில் அழிந்தன. ஏன் என்று ஆய்வாளர்களே உறுதியாகச் சொல்லவில்லை. சட்டத்தால் காக்கப்பட்ட இடம்தான். ஆனால் வாசல் வழியாக வருகிற தண்ணீருக்கும், சுற்று நிலத்திலிருந்து ஓடிவருகிற தண்ணீருக்கும் அந்தச் சட்டம் தெரியாதே. கரையில் பாருங்கள், சில இடங்களில் கல், செடி எல்லாவற்றின்மேலும் பழுப்பு நிறப் பஞ்சு போல இழைப்பாசி போர்த்தியிருக்கும். பழைய படங்களில் அந்த இடம் சுத்தமான பாறை.

தண்ணீரில் இறங்குவது

நீந்தலாம், முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டு மிதக்கலாம், கயாக் ஓட்டலாம். கோடையில் உள்நீர் வெளிக்கடலைவிடச் சற்று வெதுவெதுப்பு என்பார்கள். அதை நம்பி வெறும் நீச்சலுடையில் குதிக்காதீர்கள். வெட்சூட் இல்லாமல் பத்து நிமிடத்தில் பல் கிட்டிப்போகும், பல் கிட்டியவனுக்கு உளுவையாவது ஒன்றாவது.

இடம் வடக்கு, மேற்குக் கரையோரம். ஒற்றையாளாகப் போகாதீர்கள். படகுகள் வரும் இடம் என்பதால் பளிச்சென்ற மிதவை ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது. ஜெல்லிமீன் கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். பழுப்புச் சிவப்பில் நீண்ட இழைகளோடு இருப்பது நன்றாகவே சுடும்.

நீந்தித் திரியாமல், இடுப்பளவு நீரில் ஒரு பாறையின் பக்கம் குப்புற மிதந்துகொண்டு அப்படியே இருங்கள். காலில் மாட்டிய துடுப்பை அசைத்தால் அடிச்சேறு எழும்பி எல்லாம் மறைந்துவிடும். பாம்புத்தலைக் கடல் சாமந்தியின் பச்சை விரல்கள், நுனியில் ஊதா, ஓட்டத்துக்கு ஏற்ப ஆடும். பாறை இடுக்கில் உளுவைகள். அவற்றில் உதடு ரத்தச் சிவப்பாக ஒன்று தெரிந்தால் அதிர்ஷ்டம். அது மத்தியத்தரைக்கடல் பக்கத்து இனம்; இவ்வளவு வடக்கே அபூர்வம். முள் முள்ளாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், நீலச் சாம்பல் நட்சத்திர மீனும் கீழே மணலில் இருக்கும். மடவைக் கூட்டம் ஒன்று சுற்றிவிட்டுப் போகும். கரையில் நாரையோ, நேரம் நல்லதாக இருந்தால் நீர்நாயோ.

காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்க வேண்டும் என்றால் அது வேறு விஷயம். அயர்லாந்தின் தேசியப் பூங்காக்கள் மற்றும் வனவிலங்குச் சேவையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உயிரோடு எதையும் எடுக்கவும் கூடாது, ஆய்வுக்கானாலும் அனுமதி வேண்டும். வெறும் சங்குதானே என்று குழந்தை பையில் போட்டால், உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அதையும் அங்கேயே வைத்துவிடுங்கள். கரையோரத்தில் தெரியும் ஆய்வுக்கூடக் கட்டடங்கள், தண்ணீரில் கட்டி வைத்திருக்கும் கயிறு, குறியீட்டுத் தகடு, இவற்றைத் தொடாதீர்கள். யாரோ ஒருவரின் மூன்று வருட உழைப்பாக இருக்கலாம்.

அவசரம் என்றால் 112 அல்லது 999. எடுத்தவரிடம் கடலோரக் காவல்படை என்று கேட்க வேண்டும். மலை மறைக்கும் இடங்களில் போனில் சிக்னல் தடுமாறும், எங்கே கிடைக்கிறது என்று இறங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி

கோடை இரவுகளில் இங்கே தண்ணீர் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், தட்டுப்பட்டால் பொறி போல மினுங்கும். இதைப் பார்க்கவே கயாக் குழுக்கள் அந்தி சாயும்போது கிளம்பி இருட்டியதும் திரும்பும். தனியாகக் கிளம்பாமல் வழிகாட்டியோடு போகிற குழுவில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு ஓதக் கணக்கு அத்துப்படி. அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள், நிலவு இருந்தால் பாதி அடங்கிவிடும். ஜூனில் இருட்டவே பதினொன்றாகிவிடும் என்பதால் ஆகஸ்ட் கடைசி வசதி.

போட்டோக்களில் வருவது போல நீல விளக்கு எரியும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கேமரா அரை நிமிடம் வெளிச்சத்தைச் சேர்த்துக் காட்டுவது அது. நம் கண்ணுக்குத் தெரிவது வேறு. துடுப்பை இழுத்த இடத்தில் ஒரு வெண்சுழி, கையை விட்டால் விரலைச் சுற்றிச் சில பொறிகள், கீழே மீன் ஒன்று விலகி ஓடிய தடம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் போனை எடுத்து மணி பார்த்தால் படகிலிருக்கும் எல்லோருக்கும் மறுபடி இருபது நிமிடம்.

திரும்பும்போது

வெட்சூட், செருப்பு, கயாக், முகமூடி எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த கடலுக்கோ ஏரிக்கோ கொண்டுபோங்கள். வருவதற்கு முன்னும் இதையே செய்திருக்க வேண்டும். மடிப்பில் ஒட்டிய பாசித் துணுக்கு ஒன்று போதும், புது இடத்தில் வேர்பிடிக்க.

ஸ்கிபரீனில் பழைய எரிவாயு ஆலைக் கட்டடத்தில் ஊர் மரபு மையம் இருக்கிறது. 1840-களின் பெரும்பஞ்சத்தைப் பற்றிய காட்சிக்கூடத்துக்காகத்தான் பலரும் அங்கே போவார்கள். பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் அது ஒன்று. அங்கேயே லாக் ஹைனுக்கும் ஒரு கூடம் உண்டு. வழிகாட்டி நூல்களெல்லாம் அதை முதலில் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போகச் சொல்லும். எனக்குச் சரிப்பட்டது தலைகீழாகத்தான். கரையில் பெயர் தெரியாமல் பார்த்துவிட்டு வந்து, படத்தின் முன் நின்று 'ஓ, அது இதுவா' என்று தெரிந்துகொள்வது மறக்காமல் நிற்கிறது. திறக்கும் நாட்களை மட்டும் காலையிலேயே பார்த்து வையுங்கள். கோடைக்கு ஒரு நேரம், மற்ற மாதங்களுக்கு வேறு நேரம்.